வைகாட்டோவில் ஒரு வெள்ளைப் பலகை

ஆக்லாந்து விமான நிலையத்தில் முதலில் பிடிபட்டது அண்ணனின் காலணிதான்.

நியூசிலாந்துக்குள் நுழையும் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடந்த 30 நாட்களில் பண்ணைக்குப் போனீர்களா, பூனை நாய் தவிர வேறு விலங்குகளோடு பழகினீர்களா என்று அதில் ஒரு கேள்வி. "பழகுனேனாவா? நாப்பது வருஷமா அதுங்களோடதானே குடித்தனம்!" என்று சொல்லிவிட்டு அண்ணன் 'ஆம்' என்று போட்டார். அதிகாரி காலணியைக் கழற்றச் சொன்னார். அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே கொண்டுபோனார், கழுவிச் சுத்தம் செய்து திரும்பக் கொடுத்தார். நம் நாட்டில் கோமாரி நோய் உண்டு. அந்த நாட்டில் அது ஒருமுறைகூட வந்ததில்லை. பாலையும் இறைச்சியையும் விற்றுப் பிழைக்கிற நாடு அது. ஒரு காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் சேற்றுக்குக் கூடப் பயப்பட வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்குக் கோபமில்லை. "நம்ம கொட்டாய்க்குள்ள எவன் எவனோ ஸ்லிப்பரோட வந்துட்டுப் போறான்" என்று மட்டும் முணுமுணுத்தார்.

பேராக்கில் அண்ணனுக்கு 26 மாடுகள். அன்றைய தேதிக்குக் கறவையில் இருந்தவை 11. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கறந்து, புட்டியில் அடைத்து, மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போடுவார். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பால்குடத்துக்குக் கேட்டு ஆட்கள் வரிசை கட்டுவார்கள். மற்ற நாட்களில் கணக்கு இழுபறிதான். மகனுக்கு இதில் நாட்டமில்லை. இந்த வருடத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்திருந்தார்.

என் மகள் ஹாமில்டன் நகரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அவள் பார்க்கும் கணக்கில் பாதி பால் பண்ணைகளுடையது. "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க பெரியப்பா" என்று விடாமல் கேட்டாள். அண்ணன் மசியவில்லை. "புல்லு நல்லாருக்கும், மாடு நல்லா கறக்கும். இதுல பார்க்க என்னம்மா இருக்கு?" கடைசியில் மே மாதப் பள்ளி விடுமுறையில், மாடுகளை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து நாட்களுக்குப் புறப்பட்டார். மாடு வாங்கிய நாள் முதல் அவர் இரண்டு இரவு சேர்ந்தாற்போல் வெளியூரில் தங்கியதில்லை என்பதை விமானத்தில்தான் சொன்னார்.

எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து லயங்களில் மாடு வைத்திருந்த குடும்பங்கள் நிறைய. காலையில் பால் மரம் வெட்டு, மாலையில் மாட்டுக்குப் புல். ரப்பர் மரங்களுக்கு அடியில் மேயவிட்டு, கிராணி வீட்டுக்கும் ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டுக்கும் பால் ஊற்றினார்கள். அந்தக் காசில் படித்து மேலே வந்தவர்கள் இன்று நம் உறவுகளில் எத்தனையோ பேர். தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வருகிறது. அண்ணனின் கொட்டகை நிற்கும் நிலம் அவர் பெயரில் இல்லை. யாரும் இதுவரை எழுப்பவில்லை, அவ்வளவுதான். இந்த நிலத்து விஷயத்தை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு வரும்.

ஆக்லாந்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஹாமில்டன். சுற்றிலும் பரந்து கிடப்பதுதான் வைகாட்டோ வட்டாரம். மே இறுதியில் அங்கே குளிர்காலம் வாசலில் நிற்கிறது. காலை ஒன்பது வரை மூடுபனி. அதற்குள்ளிருந்து மாடுகள் மூச்சு விடும் ஆவி மட்டும் தெரியும். மாரின்ஸ்வில் என்ற சிற்றூரில் தெருவெல்லாம் வண்ணம் தீட்டிய பசுச் சிலைகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று மாடிவீடு உயரம். நம்மூர்க் கோயில் நந்தி ஞாபகம் வந்து அண்ணன் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பண்ணைக்கு உடனே போக முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து, அதுவும் மாட்டுக்காரர் என்பதால், சில நாள் கழித்து வரும்படி பண்ணைக்காரர் கேட்டுக்கொண்டார். அதுவரை மற்ற சுற்றுப் பயணிகளைப்போல் ஹாபிட் குள்ளர்களின் வீடுகளைப் பார்த்தோம். அண்ணன் அங்கேயும் வேலிக்கு அப்பால் மேய்ந்த ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, மாரின்ஸ்வில்லுக்கும் தே அரோஹா மலைக்கும் இடையில் இருக்கும் அந்தப் பண்ணைக்குப் போனோம். ரப்பர் பூட்ஸும் மேலங்கியும் அவர்களே கொடுத்தார்கள். 320 மாடுகள். பார்த்துக்கொள்வது கணவன், மனைவி, ஓர் உதவியாள். மூன்றே பேர்.

பால் கறக்கும் இடம் ஒரு பள்ளம். இரு பக்கமும் மாடுகள் சாய்வாக, மீன் முள் போல வரிசையாக நிற்கின்றன. கறப்பவர் நடுப் பள்ளத்தில் நிற்பதால் மடி அவர் நெஞ்சுக்கு நேராக வந்துவிடுகிறது. குனியவே வேண்டாம். ரான் ஷார்ப் என்ற வைகாட்டோ விவசாயி 1952-ல் உருவாக்கிய அமைப்பு இது. பிறகு 1969-ல் டாரநாகி வட்டாரத்தில் மெர்வ் ஹிக்ஸ் என்ற இன்னொரு விவசாயி, மாடுகளை ராட்டினம்போல் சுழலும் மேடையில் ஏற்றிக் கறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இரண்டு பேருமே மாட்டுக்காரர்கள், பொறியாளர்கள் அல்ல. முதுகு வலித்தவன் யோசித்திருக்கிறான். அண்ணன் பள்ளத்தில் இறங்கி நின்று, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தார். எதுவும் பேசவில்லை. அவருக்கு இடுப்பு வலி வந்து பதினைந்து வருடமாகிறது.

இன்னொன்றும் அவரை உலுக்கியது. பருவத்தின் கடைசி மாதம் என்பதால் அவர்கள் ஒருவேளை மட்டுமே கறந்தார்கள். ஜூன், ஜூலையில் எல்லா மாடும் சேர்ந்தாற்போல் பால் வற்றி ஓய்வில் இருக்கும். ஜூலை இறுதியிலிருந்து கன்று போட ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்காரர்களும் மாறி மாறி விடுமுறை போவார்கள். "மாட்டுக்கு லீவு, ஆளுக்கும் லீவா?" என்றார் அண்ணன்.

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மூக்கைச் சுளித்து நின்றுவிட்டார். கான்கிரீட் தொட்டி ஒன்றில் பழுப்பாகக் குவிந்து கிடந்தது ஒரு தீவனம். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "அடப்பாவி, இது நம்ம ஊருடா!" செம்பனைப் புண்ணாக்கு. கொட்டைப் பருப்பில் எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பல் கப்பலாக நியூசிலாந்துக்குப் போகிறது. அதைத் தின்ற மாட்டின் பால் மாவாகி நம் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. அண்ணன் வீட்டு மாடும் அதையேதான் தின்கிறது.

"நீங்க ஒரு மாட்டுக்கு எவ்வளவு போடுவீங்க?" என்று பண்ணைக்காரர் கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். அண்ணன் கையைக் குவித்து, "ரெண்டு டின்" என்று காட்டினார். டின் எத்தனை கிலோ? தெரியவில்லை. அங்கே பால் வாங்கும் கூட்டுறவு 2015-லேயே, ஒரு மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கூடினால் பாலின் கொழுப்புத் தன்மை மாறுகிறதாம். புல் போதாத நாளில் மட்டும், எடை போட்டு, எழுதிவைத்துப் போடுகிறார்கள். புல்லையுமே அளக்கிறார்கள். தட்டு பொருத்திய ஒரு கோலை ஊன்றி ஊன்றி நடந்தால், அந்தக் கட்டத்தில் எத்தனை கிலோ தீவனம் நிற்கிறது என்று அது கணக்குச் சொல்கிறது. புல் நன்றாக இருக்கிறது என்று நாம் கண்ணால் பார்த்துச் சொல்வதை அவர்கள் எண்ணாகச் சொல்கிறார்கள்.

ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் அண்ணன் எதிர்பார்த்து வந்ததுதான். பணக்கார நாடு, நல்ல புல், நல்ல இயந்திரம். எதிர்பாராதது பத்தரை மணிக்கு நடந்தது.

வண்டி வண்டியாக அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். பதினைந்து பேர் இருக்கும். இருபது வயதுப் பெண்ணும் இருந்தாள், எழுபது வயதுக் கிழவரும் இருந்தார், பஞ்சாப்பிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர் ஒருவரும் இருந்தார். கலந்துரையாடல் குழு என்று இதற்குப் பெயர். அவ்வப்போது ஒருவர் பண்ணையில் கூடுவார்கள். நடத்திக் கொடுப்பவர் டெய்ரி என்.இசட். அமைப்பின் அலுவலர். அந்த அமைப்பை நடத்துவது விவசாயிகளின் காசுதான்: விற்கும் ஒவ்வொரு கிலோ பால் திடப்பொருளுக்கும் சில சென்ட் அவர்களே வரியாகக் கட்டுகிறார்கள். வகுப்பறை இல்லை, நாற்காலி இல்லை. டிராக்டர் கொட்டகையில் ஒரு வெள்ளைப் பலகை, ஒரு தட்டு நிறைய ரொட்டி, தேநீர்.

பண்ணைக்காரர் பலகையில் தன் கணக்கை எழுதினார். போன பருவத்தில் இனச்சேர்க்கை தொடங்கி ஆறு வாரத்துக்குள் சினை பிடித்தவை நூற்றுக்கு 64. நாட்டின் இலக்கு 78. எழுதிவிட்டுத் திரும்பி நின்று, "எங்கே தப்பு செய்தேன், சொல்லுங்கள்" என்றார்.

சொன்னார்கள். தயவு தாட்சண்யம் இல்லாமல் சொன்னார்கள். எல்லோரும் மேய்ச்சலுக்கு நடந்து, மாடுகளின் இடுப்பெலும்பையும் வாலடியையும் விலாவையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று உடல்வாகு மதிப்பெண் போட்டார்கள். முதலில் தனித்தனியாகத் தாளில் எழுதி, பிறகு ஒப்பிட்டார்கள். கன்று போடும்போது வளர்ந்த மாடு 5-லும், இளம் மாடு 5.5-லும் இருக்க வேண்டும். கன்று போடுவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் எவ்வளவு போட்டாலும் சதை பிடிக்காது. ஆகவே மெலிந்த மாட்டை இப்போதே கறப்பதை நிறுத்து என்பது அவர்கள் வாதம். போன வருடம் பால் விலைக்கு ஆசைப்பட்டு இரண்டு வாரம் கூடக் கறந்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். மெலிந்து கன்று போட்ட மாடு பருவத்துக்கு வரத் தாமதமாகும், சினை பிடிக்கவும் தாமதமாகும். ஆசைப்பட்ட இரண்டு வாரம் அடுத்த வருடத்தில் கழிந்துபோனது.

அண்ணனும் மதிப்பெண் போட்டார். மகள் தாளை நீட்டியபோது கூச்சத்தோடு எழுதினார். ஆறு மாட்டில் ஐந்துக்கு அலுவலர் போட்ட அதே எண். ஆறாவதுக்கு அண்ணன் குறைத்துப் போட்டிருந்தார். அலுவலர் திரும்பப் போய்ப் பார்த்து, "இவர் சொல்வதுதான் சரி" என்றார். அன்று முழுவதும் அண்ணன் நடையே மாறிவிட்டது.

மதியம் சாப்பிடும்போதுதான் மனதில் இருந்ததைக் கேட்டார். "பக்கத்துக்காரன் முன்னால இப்படிச் சொன்னா மானம் போகாதா? நாளைக்கு அவன் உங்கள முந்திக்க மாட்டானா?"

பண்ணைக்காரருக்குக் கேள்வியே முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். அவர் பாலும் பக்கத்துக்காரர் பாலும் ஒரே லாரியில் ஏறி ஒரே ஆலைக்குப் போகிறது. இருவருமே அந்தக் கூட்டுறவில் பங்குதாரர்கள். அடுத்தவர் பத்து லிட்டர் கூடக் கறந்தால் இவருக்கு ஒரு துளி நட்டமில்லை. அண்ணனின் நிலைமை அப்படியா? பக்கத்துக் கொட்டகைக்காரர் பால் ஊற்றுவதும் அதே தாமானில்தான். இவர் வாடிக்கை அவர் கைக்குப் போகலாம். அதனால் எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்பதை மனைவியிடம்கூடக் குறைத்துத்தான் சொல்வார். நம்மவர்கள் வாயைத் திறப்பதில்லை என்று குறை சொல்கிறோம். பால் போகிற வழி அப்படி, வாய் எப்படித் திறக்கும்?

அந்த வட்டாரத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது என்றும் நினைக்க வேண்டாம். தே அரோஹாவில் கிளாடிஸ் ரீட் என்ற பண்ணைப் பெண்மணி இருந்தார். அங்கே இலையுதிர் காலத்தில் புல்லில் ஒரு பூஞ்சை வளர்ந்து, மாட்டின் கல்லீரலைக் கெடுத்து, வெயில் பட்டால் தோல் வெந்து உரியும். துத்தநாகம் கொடுத்தால் மாடு தப்பிக்கிறது என்று 1970-களில் அவர் தன் பண்ணை அனுபவத்திலிருந்து சொன்னார். அறிவியலாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. பிற்பாடு ஆய்வுகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. இன்று அதுதான் வழக்கமான தடுப்பு முறை. படித்தவர் சொல்ல விவசாயி கேட்பது மட்டுமல்ல, சில வேளை தலைகீழாகவும் நடக்கிறது.

அன்றிரவு மகள் வீட்டுச் சமையலறையில் ஒரு கணக்குப் போட்டோம். பண்ணைக்காரர் விடைகொடுக்கும்போது, "உங்கள் மாடு ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் எத்தனை நாள் எடுக்கிறது?" என்று கேட்டிருந்தார். வருடத்துக்கு ஒரு கன்று என்றால் 365 நாள். சினைக்காலம் ஏறக்குறைய 282 நாள். ஆக, கன்று போட்ட 83 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். அதற்காகத்தான் அங்கே வாலடியில் வண்ணம் பூசுகிறார்கள். பருவத்துக்கு வந்த மாட்டின்மேல் மற்ற மாடுகள் ஏறும்போது வண்ணம் உரசி அழிந்துவிடும். விடிந்ததும் பார்த்தால் தெரிந்துவிடும், ஊசி போட ஆளை அழைக்கலாம். நம் வெப்பத்தில் மாடு பெரும்பாலும் இரவில் பருவத்துக்கு வருகிறது. நாம் தூங்கிக்கொண்டிருப்போம். அது போனால் அடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு ஒவ்வொரு மாட்டின் பெயரும் தெரியும், தாயும் பாட்டியும் தெரியும், எந்தப் பக்கம் உதைக்கும் என்று தெரியும். தேதி தெரியாது. "லெட்சுமி போன தீபாவளிக்கு முன்னாடி போட்டுச்சு. அதுக்கு முன்னாடி... கொரோனா முடிஞ்ச சமயம்." தோராயமாக வைத்தாலும் 500 நாளுக்குக் குறையவில்லை. ஒரு மாட்டுக்குத் தீனிச் செலவு நாளுக்கு 8 ரிங்கிட் என்றார். 365-க்கு மேல் போன 135 நாளுக்கு 1,080 ரிங்கிட். மகள் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அண்ணன் நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாலு வெலை இல்ல, பாலு வெலை இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே" என்றார்.

நியாயமாகவும் பேச வேண்டும். அங்கே நடப்பதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் வெயிலில் அந்த ஜாதி மாடு மூச்சிரைத்து நிற்கும். நம் புல்லில் அந்தச் சத்து இல்லை. எல்லா மாட்டையும் ஒரே சமயத்தில் கன்று போடவைத்தால் அண்ணனின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு மாதம் யார் பால் ஊற்றுவது? அவர்களுக்கும் தொல்லைகள் உண்டு. மாட்டுக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று நகரவாசிகள் முணுமுணுக்கிறார்கள். கழிவுக் குட்டைக்கு வட்டார மன்றத்தின் விதிகள் கடுமை. ஆனால் நாட்காட்டியில் தேதி எழுத வெயிலும் புல்லும் தடையில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் ஜூன் முதல் தேதி. சாலையெங்கும் லாரிகள்: ஒன்றில் மாடுகள், பின்னால் வந்ததில் சோபாவும் சைக்கிளும் நாய்க்கூண்டும். அங்கே பண்ணை ஒப்பந்தங்கள் முடிவதும் தொடங்குவதும் அந்த நாளில்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாட்டோடு இடம் மாறுகின்றன. நாங்கள் பார்த்த பண்ணைக்காரருக்கும் நிலம் சொந்தமில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாடு அவருடையது, நிலம் இன்னொருவருடையது, பால் பணத்தில் ஆளுக்குப் பாதி. உதவியாளாகச் சேர்ந்து, மேலாளராகி, காசு சேர்த்து மாடு வாங்கி, இந்தப் பங்குமுறைக்கு வந்திருக்கிறார். அடுத்து நிலம் வாங்க நினைக்கிறார்.

"நிலக்காரன் நாளைக்கே போன்னா?"

முடியாது என்றாள் மகள். எழுத்து ஒப்பந்தம் உண்டு. பங்குமுறைப் பால் ஒப்பந்தங்களுக்கு 1937-லிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. அண்ணன் ஆண்டைத் திரும்பச் சொல்லச் சொன்னார். 1937. எங்கள் தாத்தா தோட்டத்தில் முதல் மாடு வாங்கிய காலம் ஏறக்குறைய அதுதான். வண்டி ஆக்லாந்து நெடுஞ்சாலைக்கு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. மாட்டையும் புல்லையும் கற்றுக்கொள்ளலாம். இதை எந்தக் கலந்துரையாடல் குழுவிடம் கேட்பது?

இப்போது நான்கு மாதம் ஆகிறது. மாடுகளை விற்கவில்லை. விற்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மைத்துனரோடு பேசி, வாரத்தில் ஒரு சாயங்காலம் அவர் கறக்கிறார், அண்ணன் வீட்டில் இருக்கிறார். அன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டகைக்கே போய் உட்கார்ந்துகொள்வதாக அண்ணி புகார். கொட்டகைச் சுவரில் கோயில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம். புண்ணாக்கு டின்னைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டு டின் ஏறக்குறைய 5 கிலோ.

ஊர் திரும்பிய பின்னும் வைகாட்டோக்காரர் விடவில்லை. கன்றுக் கணக்கை அனுப்புங்கள், எங்கள் குழுவில் பார்க்கிறோம் என்று மகளிடம் சொல்லியனுப்பினார். போன வாரம் அண்ணன் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். இருபத்து நாலுதான் இருக்கிறதாம். லெட்சுமியையும் இன்னொன்றையும் பெரியப்பா விட்டுவிட்டாராம்.